மைட்டோகாண்ட்ரியா, மரபு, நோய்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் மைட்டோகாண்ட்ரியா மரபியலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக வேலை செய்கிறேன். ஊர்ப்பக்கம் வந்தாலும் சரி, வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் சரி, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தயவுசெய்து ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பாதீர்கள்.

பிஎச்.டி. முடிந்துவிட்டதே, இன்னும் என்ன படிப்பு?

படிப்பு இல்லை, வேலை. சம்பளம் வருகிறது, வருமான வரியும் பிடிக்கிறார்கள். ஆனால் ஒப்பந்த வேலை. நிதி தீர்ந்தால் அடுத்த இடம் தேட வேண்டும். என் பெரியப்பா இதை "டெம்பரவரி போஸ்டிங்" என்பார். அதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்ல வராது.

எதைத்தான் ஆராய்கிறீர்கள்?

ஒரே ஓர் எழுத்தை. மிகைப்படுத்தவில்லை. டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 3243ஆம் இடத்தில் ஏ என்ற எழுத்து இருக்க வேண்டும். சிலரிடம் அது ஜி ஆகியிருக்கும். இந்த மாற்றம் உள்ள ஒருவருக்கு நாற்பது வயதில் சர்க்கரை நோய் வருகிறது, காது மந்தமாகிறது. இன்னொருவருக்குப் பதினைந்து வயதிலேயே வலிப்பும் பக்கவாதம் போன்ற தாக்குதலும் வருகின்றன. இதைத்தான் மெலாஸ் என்கிறார்கள். மூன்றாமவர் எழுபது வயதிலும் ஒரு குறையுமின்றி நடமாடுகிறார். மூவரும் ஒரே குடும்பமாகவும் இருக்கலாம். இது ஏன் என்பதுதான் என் வேலை.

மெலாஸுக்குக் காரணம் இந்த எழுத்துதான் என்று 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியில் நடுவயதைத் தாண்டியவர்களிடம் தேடியபோது ஏறத்தாழ 420 பேருக்கு ஒருவரிடம் அது இருந்தது. மைட்டோகாண்ட்ரியா நோய் என்ற பெயரோடு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அதைவிட மிகக் குறைவு. வடகிழக்கு இங்கிலாந்தில் எல்லா மைட்டோகாண்ட்ரியா பிறழ்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோதே நோயுற்றவர்களும் நோய் வரக்கூடியவர்களுமாக 4,300 பெரியவர்களுக்கு ஒருவர்தான் தேறினார்கள். ஆக, மாற்றத்தைச் சுமப்பது வேறு, நோயாளியாவது வேறு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக எதற்கு டி.என்.ஏ.?

"செல்லின் ஆற்றல் நிலையம்" என்று பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். வெகுகாலத்துக்கு முன் வேறொரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வாரிசு அது. வரும்போது கொண்டுவந்த மூட்டையில் மிச்சமிருப்பதுதான் அந்த டி.என்.ஏ. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. இழைகள் இருப்பதை 1963இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதியர் கோழிக் கருவின் செல்களில் கண்டார்கள்.

வட்ட வடிவம், 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. மீதி 24, அந்தப் புரதங்களைத் தயாரிக்கும் பட்டறைக்கான கருவிகள். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவைப்படும் மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களின் குறிப்பெல்லாம் உட்கருவில்தான் இருக்கிறது. அதனால் "மைட்டோகாண்ட்ரியா நோய்" என்றாலே தாய்வழி என்று முடிவுகட்டக் கூடாது. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பங்கு உட்கரு மரபணுக்களின் கோளாறு. அது அப்பா அம்மா இருவர் வழியாகவும் வரும்.

இந்த 16,569 என்ற கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 1981இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலாளர் ஃபிரெடரிக் சாங்கரின் குழு முழு வரிசையை முதன்முதலாகப் படித்து வெளியிட்டது. 1999இல் அதே மாதிரியைத் திரும்பப் படித்தபோது ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது தெரிந்தது. அதை நீக்கினால் பின்னால் வரும் எல்லா எண்களும் ஒன்று குறையும், அத்தனை ஆய்வுக் கட்டுரைகளையும் திருத்த வேண்டிவரும். அதனால் 3107ஆம் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். தெருவில் வீடு இடிந்துபோனாலும் கதவிலக்கம் அப்படியே இருப்பதுபோல.

ஏன் அம்மாவிடமிருந்து மட்டும்?

கருமுட்டையில் இந்த டி.என்.ஏ. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் இருக்கும். விந்தணுவில் சொற்பம். அந்தச் சொற்பத்தையும் அழித்துவிடுமாறு முத்திரை குத்தப்பட்டிருக்கும், கருவுற்ற முட்டை அதை ஒழித்துவிடும். 2018இல் சில குடும்பங்களில் அப்பாவிடமிருந்தும் வந்ததாக ஒரு கட்டுரை பரபரப்பை உண்டாக்கியது. பிறகு பார்த்தால், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் துண்டுகள் எப்போதோ உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தபடி ஏமாற்றியிருக்கின்றன என்ற விளக்கமே பெரும்பாலும் பொருந்துகிறது. இந்த ஒட்டுத்துண்டுகளைப் பற்றி எனக்கும் ஒரு கதை உண்டு, கீழே வருகிறது.

அப்படியானால் அம்மாவால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது, இல்லையா?

எனக்குப் பிடிக்காத கேள்வி இது. நம் வீடுகளில் "உங்க அம்மா வீட்டு வழி" என்பது விளக்கமாக வராது, குற்றச்சாட்டாகத்தான் வரும். அம்மாவுக்கு அது அவர் அம்மாவிடமிருந்து வந்தது, அல்லது அவர் முட்டையில் புதிதாக நேர்ந்தது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டார், எதைப் பார்த்துப் பயந்தார் என்பதற்கெல்லாம் இதில் இடமே இல்லை. எந்த முட்டைக்கு எவ்வளவு போகிறது என்பது அவர் தாய் வயிற்றில் கருவாக இருந்தபோதே பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

எப்படி என்றால், ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருக்கின்றன அல்லவா? எல்லாமே மாறியிருக்க வேண்டும் என்றில்லை. சில மாறியவை, சில சரியானவை. இந்தக் கலப்புக்கு ஹெட்டரோபிளாஸ்மி என்று பெயர். பச்சைப்பயறும் உளுந்தும் பாதிக்குப் பாதி கலந்த மூட்டை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மரக்கால் மரக்காலாக அளந்தால் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வரும். சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில் எல்லாமே உளுந்து, இன்னொன்றில் ஒன்றிரண்டு மட்டும். முட்டைக்கு மூலமான செல்கள் உருவாகும்போது பிரதிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, பிறகு பெருகுகிறது. சிட்டிகை எடுக்கும் கட்டம் அதுதான். ஒரு தாயின் மூன்று பிள்ளைகளுக்கு பத்து, நாற்பது, எண்பது சதவீதம் என்று போவது இதனால்தான்.

நோய் தலைகாட்டுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பல மாற்றங்களுக்கு அது அறுபது, எழுபது சதவீதத்துக்கு மேல். அதுவரை சரியான பிரதிகள் சமாளித்துவிடும். எல்லை திசுவுக்குத் திசு மாறும். மூளை, இதயம், தசை, கண் நரம்பு, உள்காது, கணையம் ஆகியவை ஆற்றலை அதிகம் தின்பவை, அவைதான் முதலில் தடுமாறும்.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். நோயாளியின் தசையில் மெல்லிய சீவல் எடுத்து இரண்டு சாயங்கள் ஏற்றுவோம். மைட்டோகாண்ட்ரியா நன்றாக வேலை செய்யும் இழை பழுப்பாகத் தெரியும், செய்யாதது நீலமாக. பழுப்புக்கு நடுவே நீலம், நீலத்தை ஒட்டிப் பழுப்பு. பக்கத்துப் பக்கத்து இழைகளில் ஒன்று எல்லையைத் தாண்டிவிட்டது, ஒன்று தாண்டவில்லை. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி. நோயே இல்லாத முதியவர்களின் தசையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம் இருக்கும்.

என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் சர்க்கரை. இதுதான் காரணமாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. நம்மூரில் சர்க்கரை நோய்க்கு மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போக வேண்டியதில்லை, காரணங்கள் சாப்பாட்டுத் தட்டிலேயே கிடைக்கும். 3243 மாற்றத்தால் வரும் சர்க்கரை நோய், மொத்தத்தில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான். ஆனால் தாய்வழியில் பலருக்குச் சர்க்கரை, அவர்களில் சிலருக்கு நடுவயதிலேயே காது மந்தம், ஆள் பருமனும் இல்லை, உயரமும் குறைவு என்று எல்லாம் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உறுதியானால் மாத்திரைத் தேர்வே மாறலாம். லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்தால் இவர்களுக்கு மெட்ஃபார்மினைப் பல மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் 15 சதவீதம் என்று வந்தது. குறைவுதானே, பயமில்லையே?

வயது என்ன என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ரத்தத்தில் 3243 மாற்றத்தின் அளவு வயது கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும். ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களில் மாற்றம் அதிகமுள்ளவை பின்தங்கிவிடுகின்றன. தசையில் அப்படிக் குறைவதில்லை. எனவே ரத்தம் காட்டும் எண் பொய்யான ஆறுதல் தரக்கூடும்.

2018இல் இதற்கு ஒரு திருத்தக் கணக்கு வெளியானது. வயதோடு 12 கூட்டுங்கள். 0.977ஐ அத்தனை மடங்கு தன்னோடு பெருக்குங்கள். வருகிற எண்ணால் ரத்த அளவை வகுங்கள். இருபது வயதுக்காரருக்கு 15 சதவீதம் என்றால் திருத்திய அளவு சுமார் 32. நாற்பது வயதுக்காரருக்கு அதே 15, சுமார் 50 ஆகிறது. தாள் ஒன்று, பொருள் இரண்டு. வயதானவர்களுக்கு ரத்தத்தில் "இல்லை" என்றே வந்தாலும் சிறுநீரில் உதிரும் செல்களைச் சோதிப்பது இதனால்தான். அதில் அளவு கூடுதலாகத் தெரியும். "ரத்தத்தில் இல்லை, கவலையை விடுங்கள்" என்று யாராவது சொன்னால், சிறுநீரிலும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

திருத்திய எண்ணும் ஜாதகம் இல்லை. ஒரே அளவுள்ள இருவரில் ஒருவர் படுக்கையிலும் ஒருவர் வேலையிலும் இருப்பதற்கு உட்கரு மரபணுக்களின் பங்கு கணிசம் என்பது தெரிகிறது. எந்தெந்த மரபணுக்கள் என்பதைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆண்களுக்கு மட்டும் பார்வை போகும் நோய் ஒன்று உண்டாமே?

ஆண்களுக்கு மட்டும் அல்ல, ஆண்களுக்கு அதிகம். லெபர் பார்வை நரம்பு நோய். நோய்க்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மாற்றங்கள் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்த ஆண்டு 1988. அதில் ஒன்று இந்நோய்க்கான 11778ஆம் இடத்து மாற்றம், அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸின் குழு கண்டது. இருபது முப்பது வயதில், வலியில்லாமல், ஒரு கண்ணின் நடுப்பார்வை மங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்த கண்ணும்.

பழைய குடும்ப ஆய்வுகளின்படி, மாற்றத்தைச் சுமக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் பார்வை போகும். பொது மக்களிடையே தேடிய புதிய ஆய்வுகளில் இந்த விகிதம் இதைவிட நிறையக் குறைகிறது. பழைய ஆய்வுகள் பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்தே தொடங்கியவை என்பதை மறக்கக் கூடாது.

இங்கே கலப்பு விளக்கம் உதவாது. பெரும்பாலோரிடம் நூற்றுக்கு நூறும் மாறிய பிரதிதான். அப்படியிருந்தும் ஒருவருக்கு வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை. கைக்கு எட்டக்கூடிய ஒரு காரணம் புகை. 2009இல் வந்த ஆய்வில், மாற்றத்தைச் சுமந்து புகையும் பிடித்த ஆண்களில் 93 சதவீதம் பேர் பார்வை இழந்திருந்தார்கள். தாய்மாமனுக்கு இந்த நோய் இருந்தால் மருமகன் பீடி சிகரெட்டைத் தொடவே கூடாது. இதை மட்டும் நான் அறிவுரையாகவே சொல்கிறேன்.

ஊசி போட்டுக் காது போனதாகச் சொல்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

சேரலாம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின், கனாமைசின் எல்லாம் ஒரே வகை மருந்துகள். பாக்டீரியாவின் புரதப் பட்டறையில் போய் உட்கார்ந்து அதை முடக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் பட்டறையும் பாக்டீரியா வம்சம்தான், ஆனால் மருந்து அதில் சரியாக ஒட்டாதபடி மாறியிருக்கிறது. 1555ஆம் இடத்தில் ஏ ஜியாக மாறியவர்களிடம் அந்தப் பட்டறை மறுபடியும் பாக்டீரியாவின் சாயலுக்குத் திரும்பிவிடுகிறது. மருந்து ஆள் தெரியாமல் அங்கேயும் உட்கார்ந்துவிடும். உள்காதின் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ஒரே ஊசித் தொடரில் ஆயுளுக்கும் காது போகலாம்.

ஐரோப்பியர்களில் சுமார் 500 பேருக்கு ஒருவரிடம் இந்த மாற்றம் உண்டு. பிறந்த குழந்தையின் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி 26 நிமிடத்தில் முடிவு சொல்லும் சோதனையை மான்செஸ்டரில் உருவாக்கியிருக்கிறார்கள். கிருமித் தொற்று என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும், அதற்குள் தெரிந்துவிடும். என் துறையில் நேரடியாக ஒரு குழந்தையின் காதைக் காப்பாற்றும் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்கள் தாய்வழியில் யாருக்காவது டிபி ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால், மருத்துவமனையில் ஊசி போடும் முன் அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இந்த ஆபத்து கூடுமா?

இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உட்கரு மரபணுவால் வரும் மைட்டோகாண்ட்ரியா நோய் என்றால், கூடும். அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுதான பிரதி இருந்து, இரண்டும் பிள்ளைக்கு வந்தால்தான் இவற்றில் பெரும்பாலானவை வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகள் கட்டினால் பிள்ளையின் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வர வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அது பெண் வழியில் மட்டும் நடக்கும். வெள்ளைப் பலகையில் இதை வரைந்து காட்டியபோது என் ஆங்கிலேய நண்பர் தலைசுற்றிப் போனார். உங்களுக்குப் பலகை தேவைப்படாது. மாமன் மகளுக்கு வருவது மாமன் மனைவியின் மைட்டோகாண்ட்ரியா. மாப்பிள்ளையின் அம்மா வழியில் என்ன கோளாறு இருந்தாலும் அது அவரோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. அத்தை மகள் கதை வேறு. அவளிடம் இருப்பது அப்பத்தாவின் மைட்டோகாண்ட்ரியா. மகன் வழியில் நின்றுபோன அது, மகள் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே வீட்டுக்கு மருமகளாக வந்துவிடுகிறது. அக்கா மகளைக் கட்டினால் கணவன் மனைவி இருவரிடமும் இருப்பது ஒரே மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.

வம்சாவளிச் சோதனையில் எனக்கு "எம்" பிரிவு என்று வந்தது. எனக்கு என்ன நோய் வரும்?

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை வைத்து மனிதர்களைத் தாய்வழிக் கிளைகளாகப் பிரிப்பார்கள், அதில் ஒன்று எம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எம் பிரிவுதான். ஒரு பிரிவுக்கு ஒரு நோய் என்று வந்த கட்டுரைகள் ஏராளம். சில நூறு பேரை வைத்துச் செய்து, அடுத்த ஊரில் திரும்பச் செய்தபோது கரைந்துபோனவை பல. பிரிட்டனில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் வைத்து 2021இல் செய்த பெரிய ஆய்வில் உயரம், கல்லீரல், சிறுநீரக அளவீடுகள் போன்றவற்றோடு தொடர்புகள் கிடைத்தன. மிகச் சிறியவை. தனி ஒருவருக்கு ஆரூடம் சொல்ல உதவாதவை.

எனக்கு வேறு ஓர் எரிச்சல் உண்டு. நாம் எல்லோரும் ஒப்பிடும் அந்த 1981 வரிசை ஓர் ஐரோப்பியருடையது. 10398ஆம் இடத்தில் அவரிடம் ஏ. எம் பிரிவினரான நம்மிடம் ஜி. மென்பொருள் உடனே "மாற்றம்" என்று குறிக்கும். உண்மையில் மூத்தது ஜிதான், அவர் வழியில்தான் அது ஏ ஆனது. இந்த ஓர் இடத்தை வைத்து மார்பகப் புற்றுநோய், பார்க்கின்சன் என்று முன்னுக்குப் பின் முரணான கட்டுரைகள் வந்து குவிந்திருக்கின்றன. நம் மக்களின் வரிசைகளை ஹைதராபாத் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) போன்ற இடங்களில் படித்து வருகிறார்கள். அது இன்னும் பெருக வேண்டும்.

உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும்?

பாதி நாள் கணினி, பாதி நாள் செல் வளர்ப்பு அறை. ஒரு செல்லின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுதாகத் துடைத்துவிட்டு, நோயாளியின் மைட்டோகாண்ட்ரியாவை அதில் குடியேற்றுவோம். உட்கரு ஒருவருடையது, மைட்டோகாண்ட்ரியா இன்னொருவருடையது. கோளாறு எதனுடையது என்று பிரித்தறிய 1989இலிருந்து இந்த வழி இருக்கிறது. பிறகு குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையைக் கொடுப்போம். குளுக்கோஸ் இருந்தால் பழுதான செல்லும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பாமல் குறுக்குவழியில் பிழைத்துக்கொள்ளும், காலக்டோஸில் வண்டவாளம் தெரிந்துவிடும்.

ஒட்டுத்துண்டுக் கதை: முதல் வருடத்தில் பல மாதிரிகளில் ஒரே புதிய மாற்றம், ஐந்து சதவீத அளவில். மூன்று வாரம் தூக்கமில்லை, கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. துடைக்கப்பட்ட செல்லிலும் அதே மாற்றம் பளிச்சென்று தெரிந்தபோதுதான் புரிந்தது, அது உட்கருவில் ஒட்டிக்கிடக்கும் துண்டு.

மூன்று பெற்றோர் குழந்தை என்கிறார்களே?

செய்தித்தாள் வைத்த பெயர். அம்மாவின் பழுதான மைட்டோகாண்ட்ரியா பிள்ளைக்குப் போகாமலிருக்கச் செய்யும் வழி இது. அம்மாவின் முட்டையைக் கருவுறச் செய்து, அதன் உட்கருக்களை மட்டும் எடுத்து, உட்கரு நீக்கிய கொடையாளி முட்டையில் வைக்கிறார்கள். கொடையாளியிடமிருந்து வருவது அந்த 37 மரபணுக்கள். உட்கருவில் இருப்பவை சுமார் இருபதாயிரம். பிரிட்டன் நாடாளுமன்றம் 2015இல் அனுமதித்தது, ஆஸ்திரேலியா 2022இல். நியூகாசிலில் ஏழு பெண்களுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்ததை 2025 ஜூலையில் வெளியிட்டார்கள். சில குழந்தைகளிடம் அம்மாவின் பழுதான பிரதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, இருபது சதவீதத்துக்குள். அது வளர வளரக் கூடுமா என்று தொடர்ந்து கவனிக்கிறார்கள். கலப்பு குறைந்த கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது பலருக்கு இதைவிட எளிய வழி.

மருந்து இருக்கிறதா? மைட்டோகாண்ட்ரியா பூஸ்டர் பவுடர் வாங்கலாமா?

பவுடர் வேண்டாம். லெபர் நோய்க்கு இடெபெனோன் என்ற மருந்தை ஐரோப்பா 2015இல் அனுமதித்தது, சிலருக்குப் பலன் தருகிறது. அதே நோய்க்கு மரபணு ஊசி ஒன்றையும் ஒரு கண்ணில் மட்டும் போட்டுச் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்காக விட்டுவைத்த மறு கண்ணும் தேறியதால் ஆய்வாளர்கள் கையைப் பிசைந்தார்கள்.

மரபணுவைத் திருத்தும் புகழ்பெற்ற கருவியான கிரிஸ்பர் இங்கே கைகொடுக்காது. அதற்கு வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைப்பது கடினம். 2020இல் ஒரு பாக்டீரியாவின் நச்சுப் புரதத்தை வைத்து, ஆர்.என்.ஏ. தேவைப்படாத திருத்தி ஒன்றைச் செய்தார்கள். அதனால் சி என்ற எழுத்தை டி ஆக்க முடிந்தது. ஏவை ஜி ஆக்கும் திருத்தி 2022இல் வந்தது. எங்கள் 3243க்குத் தேவை ஜியை ஏ ஆக்குவது. டி.என்.ஏ. இரட்டை இழை, ஜிக்கு எதிரே சி, ஏவுக்கு எதிரே டி இருக்கும். எதிர் இழையில் பார்த்தால் அது சி டி ஆவதுதான், ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான பிரதிகள், உடம்பில் எத்தனை கோடி செல்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நோய் உறுதியானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், போல்-ஜி என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களின் கல்லீரலைச் சாய்த்துவிடும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நோயின் பெயரையும் மரபணுவின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.

ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவீர்களா?

இதை அதிகம் கேட்பது அம்மா. அடுத்த நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.